முதலில் வாய், பிறகு வயிறு

போன மாதம் பழைய கிளினிக்கிற்கு ஒரு நடை போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இது ஒரு வியாதி. வேலை செய்கிறவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டு, அவர்களை வேலை செய்ய விடாமல் தொந்தரவு செய்வது. அன்று கர்ப்பிணிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்ததும் பொருமித் தீர்த்துவிட்டாள்.

"வயித்தைப் பாக்கவே நேரம் பத்தலக்கா. இதுல ஒவ்வொருத்தி வாயையும் தொறந்து ஈறு பாக்கணுமாம். நாம என்ன பல் டாக்டரா? யாரு வச்ச சட்டம் இது?"

யார் வைத்த சட்டம் என்று எனக்குத் தெரியும். ஏன் வைத்தார் என்றும் தெரியும். ஆனால் நின்றபடியே சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. சுருக்கமாகப் பேசுவதும் எனக்குப் பிறவியிலேயே வராத கலை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். நாங்கள் டவுனிலேயே வளர்ந்தவர்கள். ரப்பர் தோட்டத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எனக்குக் கல்யாணம் நடந்த வேகத்திலேயே கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூலையில் உட்கார வைக்காமல், அப்பா என்னை ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சேர்த்தார். சொந்தக்காரர்கள் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வலி கண்டபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள், பேச்சும் தானாக வந்துவிட்டது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை கழுவினோம். கழுவிய கையை மறுபடியும் கழுவினோம். பாத்திரங்களைக் கொதிக்க வைத்தோம். தொப்புள்கொடியை எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் கர்ப்பிணிக்கு வாய் என்று ஒன்று இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கிற்கு வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா.

அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், எனவே டாக்டரம்மா என்றே இருக்கட்டும். நல்ல உயரம், சின்னக் குரல். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் சத்தம் ஏறும். இவருக்குக் கோபம் வந்தால் சத்தம் இறங்கும். அவர் முணுமுணுக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வோம். மலாய் நன்றாகப் பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை "வாய் தொற", "பயப்படாதே", "பொய் சொல்லாதே" மூன்றும்தான். அவற்றை வைத்துக்கொண்டே பாதி நாளை ஓட்டிவிடுவார். மீதிப் பாதிக்கு நான் மொழிபெயர்ப்பேன்.

கர்ப்பிணியை ஜன்னலைப் பார்த்த மாதிரி நாற்காலியில் உட்கார வைப்பார். வெளிச்சம் நேராக வாய்க்குள் விழ வேண்டும். அவர் மட்டும் தாழ்ந்த முக்காலியில் உட்காருவார். துரைசானி கீழே, கூலிக்காரர் பெண்சாதி மேலே. அதைப் பார்த்தே சில பெண்கள் வெலவெலத்துப் போவார்கள். பிறகு அவள் கண்ணெதிரில் கை கழுவுவார். நாங்கள் கொதிக்க வைத்துக் காயப்போட்ட மல் துணித் துண்டு ஒன்றை வலது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வார். இடது கட்டைவிரலால் உதட்டைத் தூக்கி, கடைவாயில் ஆரம்பித்து ஈறோரமாகவே அந்த விரலை ஓட்டுவார். மேல், கீழ், வெளிப்புறம், உட்புறம் எல்லாம் ஆன பிறகு துணியை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பெண்ணிடமே காட்டுவார். பத்துக்கு ஏழெட்டுப் பேர் துணியில் சிவப்பு இருக்கும்.

"கையில் புண் வந்தால் கழுவுவாயா, மாட்டாயா?" என்று கேட்கச் சொல்லுவார்.

"கழுவுவேன் மிஸ்ஸி." நர்ஸோ டாக்டரோ, அவர்களுக்கு நாங்கள் எல்லோரும் மிஸ்ஸிதான்.

"அப்போ இதையும் கழுவு."

இவ்வளவுதான் வைத்தியம். அதன் பிறகுதான் வயிற்றில் கை வைப்பார்.

கிள்ளானிலும் எங்களுக்கு வாரம் ஒரு நாள் கிளினிக் உண்டு, ரயிலில் போவோம். அங்கே ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மனைவி வருவார். ஆறாவது கர்ப்பம், யாருக்கும் அஞ்சாத நாக்கு. டாக்டரம்மா உதட்டைத் தூக்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் காசு குடுத்து ரிக்‌ஷால வந்த மாடு மிஸ்ஸி." நான் அப்படியே மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, விரலை எடுக்காமலே மீதி ஈறையும் பார்த்து முடித்தார்.

எங்கள் பெண்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். பிள்ளை உண்டான பெண்ணுக்கு ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் வரும். இரத்தத்தைப் பார்த்ததும் பல் விளக்குவதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அழுக்கு சேரும், ஈறு இன்னும் வீங்கும், இன்னும் இரத்தம் வரும், பயம் இன்னும் கூடும். விளக்குகிறவர்கள் வேறு விதம்: கரியையும் செங்கல் பொடியையும் போட்டுத் தேய்த்துத் தள்ளுவார்கள். செங்கல் சூளைக்கே பேர்போன பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தப் பொடிக்கா பஞ்சம்? "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று என்னிடமே பாடம் நடத்துவார்கள். உறுதிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் வேலமரத்துக்கு இந்த ஊரில் எங்கே போவது?

மசக்கையில் வாந்தி எடுத்த கையோடு கரியைப் போட்டுத் தேய்க்க வேண்டாம், முதலில் நல்ல தண்ணீரில் கொப்பளி என்போம். மென்மையான பிரஷ் வாங்க முடிந்தால் வாங்கு, முடியாவிட்டால் சுத்தமான துணியைச் சுற்றி விரலால் துடை. காலையிலும் படுக்கும் முன்னும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். "பிள்ளை பெத்தா பல்லு போகத்தானே செய்யும் மிஸ்ஸி" என்று எவளாவது சொன்னால், டாக்டரம்மாவின் பதில் தயாராக இருக்கும்: "உன் பிள்ளை உன் பல்லைத் தின்பதில்லை. நீ கவனிக்காமல் விட்டதுதான் தின்கிறது."

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தங்கம்மா வந்தாள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துச் சனங்களைக் கப்பல் கப்பலாகக் கடலுக்கு அப்பால் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. தங்கம்மாவின் கணவன் சின்னச்சாமி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எப்படியோ ரயில்வேயில் ஒரு வேலையைப் பிடித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தான். கூடவே அவன் அக்கா காமாட்சி. கணவனையும் ஒரே கைக்குழந்தையையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அந்த வீட்டில் காமாட்சி சொன்னால் சொன்னதுதான். கெட்டவர் இல்லை. தம்பி பெண்டாட்டியை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடாதவர். கிளினிக்கிற்கும் அவர்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

தங்கம்மாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீடு ஊரில் இருந்தது. டாக்டரம்மா "வாய் தொற" என்றதும், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். காமாட்சிதான் அவள் கையை விலக்கினார். மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்கும் நடுவே, ஈறிலிருந்து ஒரு கட்டி தொங்கியது. சுண்டைக்காய் அளவு இருக்கும், மாதுளை முத்தின் சிவப்பு. துணி பட்டதும் இரத்தம் கொட்டியது. காலையில் எழுந்தால் தலையணையெல்லாம் சிவப்பு என்று காமாட்சி சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஒரு தினுசாக இருந்தது.

"எப்போதிருந்து?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மசக்கை விட்டதுக்கப்புறம். சின்ன பரு மாதிரி வந்துச்சு. நாளுக்கு நாள் வளருது" என்றாள் தங்கம்மா.

டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பல் டாக்டரை வரவழைத்தார். அவர் கத்தரித்த மீசையோடு வந்து, நன்றாகப் பார்த்து, பல்லோரத்தில் படிந்திருந்த காறையைச் சிறு கொக்கியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். பிறகு இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். இது கர்ப்பத்தால் வரும் கட்டி. இப்போது வெட்டினால் இரத்தம் நிறையப் போகும், வெட்டினாலும் பிரசவம் வரை திரும்பத் திரும்ப முளைக்கலாம். சுத்தமாக வைத்துக்கொண்டால் பிள்ளை பிறந்த பிறகு தானாகச் சுருங்கிவிடும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டாக்டரம்மா முகத்தில் அபூர்வமாக வரும் புன்னகையோடு என் பக்கம் திரும்பி, சொல்லு என்றார்.

நான் சொன்னேன்: "ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. வெட்ட வேண்டாம். அப்படியே விட்டுடலாம். நிம்மதியா வீட்டுக்குப் போங்க, பிள்ளை பொறக்கட்டும்."

உப்புத் தண்ணீர், துணி, பிரஷ் எல்லாவற்றையும் விளக்கினேன். காமாட்சி ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்தார், கும்பிட்டார், தங்கம்மாவின் தோளை அணைத்தபடி போய்விட்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வரவேண்டிய நாளில் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த முறையும் காணோம். எனக்கு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையும் உண்டு. ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

வாசலில் சின்னச்சாமி இருந்தான். இரவு வேலை முடிந்து வந்தவன், தூங்காமல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தவன் உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நானாகத்தான் நுழைந்தேன். சுவரோரமாக டின் பால் அடுக்கியிருந்தது. அதன் பக்கத்தில் கயிறு கட்டிய தகரப் பெட்டி. பின்கட்டில் தங்கம்மா துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். துணியை விலக்கச் சொன்னேன். ஈறு முழுக்க வீங்கி நாற்றம் அடித்தது. கட்டியும் பெரிதாகியிருந்தது. கிளினிக்கிலிருந்து வந்த நாளாக வாயில் விரலே வைக்கவில்லை. சாப்பாடு வெறும் கஞ்சி.

"என்னம்மா இது? நான் என்ன சொல்லி அனுப்புனேன்?"

அவள் திருப்பி என்னிடம் வேறொன்று கேட்டாள்.

"பிள்ளையைப் பெத்துக் குடுத்துட்டு நான் ஊருக்குக் கப்பலேறணுமாம் மிஸ்ஸி. கடைசி காலத்துல ஆத்தாகிட்ட இருக்கட்டும்னு அண்ணி சொல்றாங்க. பால் குடுக்கக் கூடாதாம், ஒட்டிக்குமாம். ஒரு தடவை தூக்கிப் பாக்கவாவது விடுவாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான். அழுகிற பெண்களை அதட்டியே பழக்கப்பட்டவள். அன்று அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். கடைசி காலமா? யாருக்கு? வெளியே வந்து சின்னச்சாமியைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, ஒண்ணும் செய்ய வேண்டாம், வீட்டுக்குப் போங்கன்னு? எங்கம்மாவுக்கு வாயில புத்து வந்துச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மருந்து குடுக்குற டிரஸர் பாத்துட்டு இதே வார்த்தைதான் சொன்னாரு. வெட்ட வேண்டாம், அப்படியே விட்டுடுங்க, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு. தோட்டத்துல அப்படிச் சொன்னா என்னா அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். கத்தி வச்சா பொழைக்க வழி இருக்கு. வேண்டாம்னுட்டா பாடைக்கு மூங்கில் வெட்ட வேண்டியதுதான்."

டவுனில் வளர்ந்த எனக்கு இது தெரியவே தெரியாது. நான் நல்ல சேதி சொன்னதாக நினைத்தேன். அவர்கள் சாவுச் சேதியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எத்தனை முறை இல்லை இல்லை என்று சொல்லியும் பலன் இல்லை. தண்ணீர்க் குழாயடியிலிருந்து வந்த காமாட்சி குடத்தை இறக்கிவிட்டு, "ஆறுதலுக்குச் சொல்றீங்க மிஸ்ஸி, தெரியுது. புண்ணியமா போகும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். அவர் குரல் இறங்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் உதடு மட்டும் அசைந்தது. யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு, "நாளைக் காலையில் நாம் போகிறோம்" என்றார்.

மறுநாள் துரைசானியே குவார்ட்டர்ஸுக்கு நடந்து வருகிறார் என்றதும் வரிசை வீடுகளின் கதவெல்லாம் திறந்துகொண்டன. அவர் யாரையும் பார்க்கவில்லை. சின்னச்சாமி வீட்டுக்குள் போனார், பாய் கூடக் கேட்காமல் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். தங்கம்மாவை அவர் கூப்பிடவில்லை. காமாட்சியைத்தான் எதிரில் உட்காரச் சொன்னார்.

"உன் அம்மாவுக்கு எந்த இடத்தில் வந்தது?"

காமாட்சி கன்னத்தின் உட்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க. வெத்தலை அடக்குற இடம்."

"முதலில் எப்படி இருந்தது? இரத்தம் வந்ததா?"

"இல்ல. வெள்ளையா ஒரு புண்ணு. ஆறவே இல்ல. அப்புறம் தடிச்சுப் போச்சு. ரத்தமெல்லாம் கடைசியிலதான்."

"தொட்டுப் பார்த்திருக்கிறாயா?"

"நான்தானே மருந்து தடவினேன்? கல்லு மாதிரி இருக்கும். கழுத்துலயும் கல்லு கல்லா கட்டிக்கிச்சு."

நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்க, டாக்டரம்மா அவசரப்படாமல் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு கையைக் கழுவி வரச் சொன்னார். காமாட்சி கழுவிக்கொண்டு வந்ததும், பையிலிருந்து மல் துணியை எடுத்து, காமாட்சியின் ஆள்காட்டி விரலில் தன் கையாலேயே சுற்றினார். அப்புறம்தான் தங்கம்மாவைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"இப்போது இதைத் தொட்டுப் பார். மெதுவாக."

காமாட்சி நெருப்பைத் தொடப் போகிறவர் போலத் தயங்கித் தயங்கிக் கொண்டுபோய் அந்தக் கட்டியில் விரலை வைத்தார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். தங்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"மெத்துனு இருக்கு மிஸ்ஸி" என்றார் காமாட்சி. "கல்லு இல்ல. அம்மாவுக்குக் கல்லு." கழுத்தையும் தடவிப் பார்த்தார், யாரும் சொல்லாமலே. "கழுத்துல ஒண்ணும் இல்ல." பிறகு துணி சுற்றிய விரலோடேயே முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.

காமாட்சி அழுது முடிக்கும் வரை டாக்டரம்மா காத்திருந்தார். "வெட்டாமல் விடுவது வேறு, கைவிடுவது வேறு என்று சொல்" என்றார் என்னிடம். "இது கர்ப்பத்தோடு வந்தது, அதோடு போகும். போகாவிட்டால் நானே நின்று எடுக்க வைக்கிறேன். அதுவரை இந்த வாய்க்கு நீதான் பொறுப்பு." சொன்னதோடு விடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பல்லின் ஓரத்தையும் எப்படித் துடைப்பது, கட்டியின் அடியில் எப்படித் துணியை நுழைப்பது, இரத்தம் வந்தாலும் நிறுத்தாமல் எப்படி முடிப்பது என்று காமாட்சியின் விரலைப் பிடித்தே காட்டிக் கொடுத்தார்.

உயிர்ப் பயம் போயிற்று. பால் விஷயத்தில் மட்டும் காமாட்சி பிடி கொடுக்கவில்லை. பால் ஈறிலிருந்து வருவதில்லை என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா கட்டி போகட்டும், அப்புறம் குடுக்கட்டும். எங்க குடும்பத்துல ஒரு பிள்ளை போனது போதும் மிஸ்ஸி."

குழந்தையைப் பறிகொடுத்த பெண்ணிடம் எந்த நியாயத்தைப் பேசுவது? டாக்டரம்மாவே அன்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தங்கம்மாவுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். பொழுது விடிந்து ரயில்வே பட்டறைச் சங்கு ஊதிய நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். கத்திய கத்தலில் நுரையீரலுக்குக் குறையில்லை என்று தெரிந்தது. குளிப்பாட்டிக் கொடுத்ததும் காமாட்சி வாங்கிக்கொண்டார். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். தங்கம்மாவின் மடியில் கொஞ்ச நேரம் கிடத்தவும் செய்தார். வாய் வைக்கப் போனபோது மட்டும் தூக்கிக்கொண்டார்.

டின் பாலில் வளர்ந்து, வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகளை அந்த வரிசை வீடுகளிலேயே நான் பார்த்திருக்கிறேன். கட்டி சுருங்கும் வரை காத்திருந்தால் பால் வற்றிவிடும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சண்டை போடாதே. பால் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்" என்றார். தங்கம்மாவுக்குக் கையால் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். வெண்கலக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். தாய்ப்பாலைக் கால்படுகிற இடத்தில் கொட்டக்கூடாது என்று, காமாட்சி அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார். உள்ளே குழந்தை டின் பாலைக் கக்கிவிட்டு அழும். அந்த வீட்டில் நான் எப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்பது எனக்கே ஆச்சரியம்.

இடையில் இன்னொரு வில்லங்கம். ஒரு நாள் போனபோது தங்கம்மாவின் ஈறு மறுபடி வீங்கியிருந்தது. துடைப்பது நின்றுபோயிருந்தது. கேட்டால், பத்தியமாம். பச்சை உடம்புக்காரிக்குச் சோற்றிலேயே உப்பு கிடையாது, உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றலாமா? நான் கிளினிக்கிற்கு ஓடினேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "உப்பை விட்டுவிடு. வெந்நீரை விடாதே. துணியை விடவே விடாதே." வெந்நீர் பத்தியத்துக்கு உகந்தது என்பதால் காமாட்சிக்கு ஆட்சேபணை இல்லை. அன்று மாலையே வேலையை மறுபடி ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர்.

கட்டி மந்திரம் போட்டதுபோல மறைந்துவிடவில்லை. மாதக்கணக்கில் தேய்ந்து தேய்ந்துதான் போயிற்று. பிற்பாடு இரண்டாவது கர்ப்பத்துக்கு வந்தபோது அது இருந்த இடம் எது என்று டாக்டரம்மாவே தேடினார். தங்கம்மா முன்பல் இரண்டையும் காட்டிச் சிரித்தாள். ஆனால் அது பின்னால். பிரசவமான புதிதில் கட்டி கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் நான் உட்கார்ந்திருக்கும்போதே காமாட்சி துடைத்து முடித்துத் துணியை அவிழ்த்தார். வெள்ளையாக இருந்தது. எழுந்துபோய் வாசல் வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார். ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. "பாத்தீங்களா அக்கா?" என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்து நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாசாரிலிருந்து அப்படியே, கையில் கீரைக்கட்டோடு போனேன். எனக்கு மனசு ஆறவில்லை. அன்று எப்படியும் பேசிவிடுவது, சண்டை வந்தாலும் வரட்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே நடந்தேன். காமாட்சி வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க மிஸ்ஸி. பிள்ளை பால் குடிக்குது."

டின் பாலா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்.

"நேத்து சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்குப் போனேன். ஊத்த கை வரல. எம்பிள்ளை போனப்ப நானும் இப்படித்தான் தினமும் ஊத்தினேன். அன்னைக்குக் குடிக்கப் பிள்ளை இல்ல, ஊத்தினேன். இப்ப பிள்ளை உள்ள கெடந்து பசியில கத்துது, நான் மரத்துக்கு ஊத்திக்கிட்டு நிக்கிறேன். என்னைய மாதிரி ஒரு பைத்தியக்காரி உண்டா மிஸ்ஸி?"

எனக்கு உடம்பிலிருந்து பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கூட்டி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் தேவைப்படவில்லை. கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே தங்கம்மா மடியில் குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் கட்டியின் நினைவு வந்தது.

"கட்டி எப்படி இருக்குக்கா? ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

எழப்போன என் கையைக் காமாட்சி பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அது கெடக்கு மிஸ்ஸி. பிள்ளை குடிச்சு முடிக்கட்டும்."